முத்துக்குளித்துறைச் சரித்திரம் – 17: பட்டா இல்லாத கடலும் வாக்குச் சீட்டும்

திருச்செந்தூருக்குத் தெற்கே, செந்தேரியும் பனங்காடும் ஒருபுறம் நெருக்க, மன்னார் வளைகுடாவின் அலை மறுபுறம் நெருக்க, இரண்டுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணற்பரப்பில் குடியிருந்து வரும் ஆலந்தலைப் பரதவர்களின் ஊர்ப்பெயர் ஐரோப்பியரின் எழுத்தில் ஏறி நானூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1544ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் பிரான்சிஸ் சவேரியார் தம் தோழர் மன்சிலாசுக்கு எழுதியனுப்பிய கடிதங்களுள் ஒன்று இவ்வூரிலிருந்து புறப்பட்டதாகும். வடுகர் படையெடுப்பாலும் கடற்கரைச் சண்டைகளாலும் அலைக்கழிந்த ஜனங்களைப் பற்றிய வேதனை அந்நாளைய கடிதங்கள் அனைத்திலும் நிறைந்திருக்கிறது. ஆயினும் அவற்றை வாசிக்கும்போது ஒன்றை நாம் கவனியாதிருக்க முடியாது: கடலோர ஜனங்களுக்காகப் பிறர் பேசுகிறார்கள், பிறர் மன்றாடுகிறார்கள், பிறர் கோபிக்கிறார்கள், அந்த ஜனங்களின் சொந்தக் குரல் மட்டும் எங்கும் கேட்பதில்லை.

அது சவேரியாரின் குறையன்று. காலத்தின் அமைப்பே அப்படி இருந்தது. கொச்சிக்குச் சென்று போர்த்துக்கேயரின் ஆதரவை வேண்டிய ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிகள் பேசினார்கள், பாதிரிமார் பேசினார்கள், 1658இல் தூத்துக்குடியைப் பிடித்துக்கொண்ட ஒல்லாந்தரிடம் ஜாதித்தலைவர் பேசினார், அவர்களுக்குப்பின் வந்த இங்கிலீஷ்க் கம்பெனியிடமும் கலெக்டரிடமும் அவருடைய சந்ததியாரே பேசினர். எட்டுப் பாகம், பத்துப் பாகம் ஆழத்தில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி வாரி வந்த குளியாளியை, "உன்னை ஆளவேண்டியவர் யார்?" என்று எந்த ராஜாவும், எந்தக் கவர்னரும், எந்தக் கம்பெனியும் ஒருநாளும் கேட்டதில்லை. அப்படிக் கேட்கப்பட்ட முதல் சந்தர்ப்பத்தைப் பற்றியதே இந்த அத்தியாயம்.

சென்ற பகுதியில் ஜாதித்தலைவமோரின் அதிகாரம் எவ்வாறு படிப்படியாகக் குன்றிற்று என்பதைக் கண்டோம். அந்த அதிகாரம் குன்றிய காலத்தில், பரதவ சமூகத்துக்குள் மேசைக்காரர் என்றும் கம்மாரக்காரர் என்றும் வழங்கிய இரு பிரிவினருக்கிடையே, அதாவது வர்த்தகத்தால் செல்வமும் வேதக்கோயிலில் முன்னிடமும் பெற்றிருந்த குடும்பங்களுக்கும், வலையையும் கட்டுமரத்தையும் நம்பிப் பிழைத்த பெருந்திரளுக்கும் இடையே, மனக்கசப்பு முற்றியிருந்தது. இதனை எழுதாமல் விட்டுவிட்டுக் கரையோரத்தின் பெருமையை மட்டும் பாடுவது சரித்திரமாகாது. வெளியுலகத்தார் எல்லாப் பரதவரையும் ஒரே தாழ்ந்த கண்ணால் பார்த்த அதே நாட்களில், பரதவருக்குள்ளேயே உட்காரும் இடம், சவ அடக்கத்தின் ஆடம்பரம், திருவிழாவில் நிற்கும் வரிசை ஆகிய எல்லாவற்றிலும் ஏற்றத்தாழ்வு இருந்தது. வெளியார் இகழ்ச்சிக்கு மறுமொழியாகச் சமூகத்தின் கற்றறிந்தோர் நாடியது பழம்பெருமை. பாண்டியர் தொடர்பு, கொற்கைத் துறைமுகத்தின் கீர்த்தி, க்ஷத்திரிய வம்சாவளி என்று துண்டுப் பிரசுரங்களும் விண்ணப்பங்களும் ஜனத்தொகைக் கணக்கெடுக்கும் அதிகாரிகளை நோக்கிச் சென்றன. அவமதிக்கப்பட்ட எந்தச் சமூகமும் முதலில் தன் முன்னோரைத் தேடிச் செல்வது இயற்கையே. அதை நான் குறைகூற மாட்டேன். ஆனால் முன்னோரின் மகிமை எவ்வளவு உயர்ந்ததாயினும், கம்மாரக்காரன் ஒருவனை மேசைக்காரன் பக்கத்தில் சமமாக நிறுத்த அதனால் முடியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வெள்ளையருக்கே உரியது என்று கருதப்பட்ட உயர்ந்த ஆசனங்களுள் ஒன்று மட்டும், சுதந்திரத்துக்கு வெகுமுன்பே இக்கரையில் கைமாறிற்று. 1923இல் தூத்துக்குடி மறைமாவட்டம் ஸ்தாபிக்கப்பட்டபோது அதன் முதல் ஆயராக நியமிக்கப்பெற்ற திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை இந்தியர். நவீன காலத்தில் லத்தீன் வழிபாட்டு முறையைச் சார்ந்த முதல் இந்திய ஆயர் என்ற கீர்த்தி அவருக்கு உரியது. நூற்றாண்டுக் கணக்கில் ஐரோப்பிய முகங்களையே ஆயர்க்கோலத்தில் கண்டு பழகிய ஜனங்கள், தம்மைப் போன்ற கறுத்த முகத்தார் ஒருவர் செங்கோல் ஏந்தி வருவதைக் கண்டபோது அடைந்திருக்கக்கூடிய பூரிப்பை நாம் ஊகித்துக்கொள்ளலாம். எனினும் அதுவும் மேலிருந்து அருளப்பட்ட கௌரவமே தவிர, ஜனங்கள் தம் கையால் அளித்ததன்று.

கையால் அளிக்கும் உரிமையோ அந்நாளில் நிலத்தோடு கட்டுண்டு கிடந்தது. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தின்படி மறு ஆண்டில் சென்னை ராஜதானியில் தேர்தல் நடந்தபோது, ஏறக்குறைய நான்கு கோடி ஜனங்களுள் வோட்டுரிமை பெற்றிருந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேரே. நிலவரி செலுத்துவோர், வீட்டுவரி செலுத்துவோர், வருமானவரி செலுத்துவோர் என்று வகுக்கப்பட்ட அந்தப் பட்டியலில் கடல்தொழிலாளி எங்கே புகுவான்? உழுபவனுக்கு நிலமாவது உண்டு. அது சொந்தமில்லாவிட்டாலும் என்றேனும் சொந்தமாகலாம் என்ற நம்பிக்கையாவது உண்டு. கடலுக்குப் பட்டா கிடையாது. தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பம் ஒரு கடலடிப் பாரின் மீது வலை வீசி வந்தாலும், அந்தப் பாரின் பெயரும் எல்லையும் நீரோட்டமும் அக்குடும்பத்துக்கு மனப்பாடமாயிருந்தாலும், சர்க்கார் கணக்கில் அது அவர்கள் ஆஸ்தியாகாது. முத்துக்குளிப்பாகிய சலாபத்திலோ, எடுத்துவந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. குளியாளிகளுக்கு ஒரு பங்கு. ஆக, இந்தக் கரை சர்க்காருக்குச் செலுத்தியது கொஞ்சமன்று. ஆனால் செலுத்தியவன் பெயர் எந்த வரிப்பதிவிலும் ஏறாததனால் அவன் வாக்காளனாகவில்லை. 1935ஆம் ஆண்டுச் சட்டம் வாசலைச் சற்று அகலத் திறந்து, எழுதப் படிக்கத் தெரிந்தோரையும் அனுமதித்தது உண்மையே. கோயில் பள்ளிக்கூடத்தின் புண்ணியத்தால் கரையோரத்தார் சிலர் அவ்வழியே உள்ளே சென்றனர். அவர்களும் பொதுவாசலில் செல்லவில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கென வகுத்த தனித்தொகுதியில், தனிக் கொட்டிலில், தம்மவரைத் தாமே தேர்ந்தெடுத்தனர்.

இந்தத் தனிக் கொட்டிலை விட்டு வெளியேறியது நம் நாட்டு அரசியல் சரித்திரத்தில் போதிய அளவு பேசப்படாத ஒரு துணிகரச் செயல் என்பது என் அபிப்பிராயம். அரசியல் நிர்ணய சபையில் தூத்துக்குடியைச் சேர்ந்த ஜே. எல். பி. ரோச் விக்டோரியாவும் எம். சி. வீரபாகுவும் இடம்பெற்றிருந்தனர், முன்னவர் பரதவ சமூகத்தவர், பின்னர்க் குமாரசாமி ராஜாவின் மந்திரிசபையிலும் அமர்ந்தவர். அதே சபையில் சென்னை லயோலாக் கல்லூரியோடு தொடர்புடைய பாதிரியார் ஜெரோம் டிசூசாவும் இருந்தார். சிறுபான்மையோர் உபகமிட்டிக்கு வங்காளக் கிறிஸ்தவரான எச். சி. முகர்ஜி தலைமை வகித்தார். 1949ஆம் ஆண்டு மே மாதத்தில், மதச் சிறுபான்மையோருக்குச் சட்டசபைகளில் ஸ்தானங்கள் ஒதுக்கும் ஏற்பாட்டைக் கைவிடுவது என்ற தீர்மானம் வந்தபோது, ஜெரோம் டிசூசா அதை வரவேற்றார். முகர்ஜியும் அதற்கு உறுதுணையாக நின்றார். தேசத்தின் துண்டாடலில் மதக்கலவரம் சிந்திய இரத்தம் உலராத நேரத்தில், எண்ணிக்கையில் சிறிய ஒரு சமுதாயத்தார், "எங்களுக்குத் தனிவேலி வேண்டாம், பொதுஜனங்களின் நீதியுணர்ச்சியை நம்பி நிற்கிறோம்" என்ற நிலையை எடுப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்தது என்பதை இன்று நாம் எளிதில் உணர்வதில்லை. தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கான ஒதுக்கீடு நியாயமாகவே நீடித்தது; அவர்களுடைய காயம் வேறு ஆழத்தது.

பிறகு வந்தது பொதுத்தேர்தல். 1951 அக்டோபரில் இமாசலப் பனிமலைகளில் தொடங்கி, 1952 பிப்ரவரியில் முடிவுற்ற அந்த மாபெரும் யக்ஞத்தை நடத்தியவர் தலைமைத் தேர்தல் ஆணையரான சுகுமார் சென். 21 வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் அனைவரும் வாக்காளர்கள் என்ற விதியின்கீழ்ப் பட்டியலில் ஏறியோர் 17 கோடியே 30 லட்சத்துக்கும் அதிகம். அவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். ஜனநாயகத்தில் பழுத்த நாடுகளின் பண்டிதர்கள் தலையசைத்துச் சந்தேகித்த இடமும் இதுவே. எழுதப் படிக்கத் தெரியாதவன் எப்படித் தன் எண்ணத்தைச் சீட்டில் தெரிவிப்பான் என்ற கேள்விக்கு, எழுத்தையே தேவையற்றதாக்கி விடை காணப்பட்டது. ஒவ்வொரு அபேட்சகருக்கும் ஒரு தனிப் பெட்டி. அதன்மேல் அவருடைய சின்னம். மறைவிடத்துக்குள் சென்ற வாக்காளர், கோடோ குறியோ இடாமல், சீட்டை மடித்துத் தாம் விரும்பிய பெட்டியில் போட்டுவிட்டு வரலாம். நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை காங்கிரசுக்கு. கதிரும் அரிவாளும் கம்யூனிஸ்டுகளுக்கு. குடிசை கிஸான் மஜ்தூர் கட்சிக்கு. வானத்து நட்சத்திரத்தைக் கொண்டு திசையறிந்து, நீரின் நிறத்தைக் கொண்டு மீனறிந்து வந்தவர்களுக்குச் சின்னங்களை அடையாளங்காணப் பாடம் நடத்த வேண்டியிருந்ததில்லை.

வட ராஜ்யங்களில் சுமார் 28 லட்சம் பெண்கள், தம் சொந்தப் பெயரைக் கூறாமல் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்று மட்டும் பதிந்துகொண்டதனால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர் என்பது அத்தேர்தலின் சோகக் குறிப்பு. பீகார், உத்தரப்பிரதேசம், ராஜஸ்தான் முதலிய பிரதேசங்களில் நேர்ந்த இந்த இழப்பு தெற்கே பெரிதாக நேரவில்லை. நம் கடற்கரைப் பெண்களைப் பொறுத்தவரை, ஞானஸ்நானப் பதிவேட்டில் பிறந்த சில தினங்களிலேயே பெயர் ஏறிவிடும் வழக்கமும், மீன்கூடையைத் தலையில் சுமந்து சந்தைக்குச் சென்று விலைபேசும் வாழ்க்கையும், தம் பெயரைத் தாமே சொல்லுகிற கூச்சத்தை என்றோ போக்கிவிட்டிருந்தன.

தேர்தலின் முடிவுகளை இங்கே விஸ்தரிக்கவேண்டுவதில்லை. லோகசபையின் 489 ஸ்தானங்களில் 364ஐக் காங்கிரஸ் அடைந்தது. சென்னைச் சட்டசபையின் 375இல் அதற்குக் கிடைத்தவை 152 மட்டுமே. முதன்மந்திரியாயிருந்த குமாரசாமி ராஜாவே தோற்றுப் போனார். இது ஜனங்களின் கையில் வந்த உரிமை வெறும் சடங்கன்று என்பதற்கு உடனடியான நிரூபணம். நம் பகுதியை ஒட்டிய ஸ்ரீவைகுண்டம் லோகசபைத் தொகுதியில் ஏ. வி. தாமஸ் என்ற கிறிஸ்தவர், தனித்தொகுதியின் துணையேயில்லாமல், பெரும்பான்மையோர் இந்துக்களாயிருந்த பொதுத்தொகுதியில் வெற்றி பெற்றார். மூன்றாண்டுகளுக்கு முன் டில்லியில் வைக்கப்பட்ட நம்பிக்கை பொய்க்கவில்லை என்று இதைக் கொண்டு சொல்வது மிகையாகாது. ஆனால் என் மனத்தில் இந்த வெற்றியைக் காட்டிலும் பெரிதாக நிற்பது வேறொன்று. வாக்குச்சாவடி வரிசையில் மேசைக்காரர் முன்னும் கம்மாரக்காரர் பின்னும் என்ற விதி எழுத முடியாது. கோயிலில் முன்னிடம் உண்டு, திருவிழாவில் முன்னிடம் உண்டு. அந்த வரிசையில் முன்னே வந்தவரே முன்னே நிற்பார். சாணார் என்று இகழப்பட்ட பனையேறியும், சேரியிலிருந்து வந்த தொழிலாளியும், தோணி முதலாளியும் ஒரே மையை விரலில் ஏற்றுக்கொண்டனர்; எவருக்கும் மற்றவரைவிட ஒரு சீட்டுக்கூட அதிகமில்லை. இதற்கு முன் இக்கரையில் இத்தகைய சமத்துவம் மரணத்துக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

பனையேறியைப் பற்றிக் குறிப்பிட்டதனால் அவர்களுடைய கதையையும் ஓரளவு சொல்லவேண்டும். ஆலந்தலையைச் சூழ்ந்த தேரிக்காட்டு ஊர்களில் வாழும் நாடார் சமூகத்தார், கமுதிக் கோயிலில் வழிபடும் உரிமை கேட்டுக் கோர்ட்டுப் படியேறி, கடைசியில் 1908இல் லண்டன் பிரிவி கௌன்சிலிலும் தோல்வியையே கண்டவர்கள். 1899ஆம் ஆண்டுச் சிவகாசிக் கலவரத்தின் தழும்பைச் சுமந்தவர்கள். பிரிவி கௌன்சில் தீர்ப்பு வந்து 46 ஆண்டுகளுக்குள், 1954 ஏப்ரலில், அச்சமூகத்தில் பிறந்த காமராஜர், ஏழைத் தாயொருத்தியின் மகன், சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரியானார். கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் வழிவந்தவர் அமைத்த மந்திரிசபையில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பி. பரமேஸ்வரன் இந்து அறநிலையங்களுக்குப் பொறுப்பான மந்திரியாக அமர்ந்தார். கோயில்களின் நிர்வாகம் எவர் பார்வைக்குட்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தால், 1908ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு இதைவிடச் சிறந்த மறுமொழியை எந்த நியாயசபையும் எழுதியிருக்க முடியாது. வாக்குப்பெட்டி இன்றி இது நடந்திருக்குமா என்று கேட்பாருக்கு, நடந்திருக்காது என்றே நான் தயக்கமின்றிச் சொல்லுவேன்.

இந்தப் பெருமிதத்தோடு இந்த அத்தியாயத்தை முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் தூத்துக்குடியிலிருந்து ஓர் இரவுப் பிரயாணத்தில் எட்டிவிடக்கூடிய அக்கரையில், அதே 1952இல் நடந்ததை மறைத்துவிட்டு இக்கரையின் சந்தோஷத்தை எழுதினால், பாதிச் சரித்திரமே எழுதியவனாவேன். நம் துறைமுகத்தின் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் எத்தனை லட்சம்! அந்நாட்டுக்கு வயதுவந்தோர் வாக்குரிமை 1931லேயே, நமக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, கிட்டிவிட்டது. அந்த ஆண்டே ஹட்டன் தொகுதியிலிருந்து சென்ற பெரி. சுந்தரம் மந்திரியாகவும் அமர்ந்தார். 1936இல் அத்தொகுதி தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யரைத் தேர்ந்தெடுத்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு பிரதிநிதிகள் பார்லிமெண்டில் அமர்ந்தனர். தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள் அந்த எழுவரையும் அனுப்பிவைத்ததில் அடைந்த மகிழ்ச்சிக்கு ஆயுள் ஓராண்டே. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த சட்டங்களும் அவர்களை நாடற்றவர்களாக்கி, வாக்காளர் பட்டியலிலிருந்து துடைத்தெறிந்தன. 1952இல் அவர்களுடைய பிரதிநிதிகள் எவரும் திரும்பி வரவில்லை. அந்த ஆண்டே அக்காங்கிரஸின் தொண்டமான் முதலிய தலைவர்கள் சத்தியாக்கிரகத்தில் இறங்கினர். ஆகவே ஆலந்தலையில் அண்ணன் முதன்முறையாக வாக்களித்த மாதங்களிலேயே, கண்டியில் தம்பி தன் வாக்கை இழந்து நின்றிருக்கக்கூடும். தேர்தலில் கிடைத்த கௌரவம் சட்டத்தின் ஒரு வரியால் போய்விடும் என்பதை இந்தக் கரையினர் அளவுக்கு அருகிருந்து கண்டவர்கள் குறைவு.

அகன்ற உலகத்தை நோக்கினாலும் நிலைமை இதுவே. நேட்டாலில் இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதாவை எதிர்த்து 1894இல் காந்தியடிகள் தொடங்கிய கிளர்ச்சிக்கு, 1994 ஏப்ரலில், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரே விடை கிட்டிற்று. தென்னாப்பிரிக்காவின் எல்லா நிறத்தாரும் ஒரே வரிசையில் நின்ற அந்த நாளில், தில்லையாடி வள்ளியம்மையின் இனத்தாரும் அவ்வரிசையில் நின்றனர். அமெரிக்காவில் 1870இலேயே ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பினக் கனவான் மிஸிஸிப்பியிலிருந்து செனட் சபைக்குச் சென்றார். ஆனால் அதே மிஸிஸிப்பியில் அவருடைய பேரப்பிள்ளைகள் காலத்தார், எழுத்தறிவுப் பரீக்ஷை, தலைவரி என்ற கண்ணிகளால் சாவடியருகே நெருங்கவும் விடப்படாதிருந்தனர். எழுதத் தெரியாத நம் குளியாளி 1952இல் வாக்களித்தபோது, எழுதத் தெரிந்த கறுப்பின ஆசிரியரையும் அங்கே பரீக்ஷையில் தவறியவராக எழுதி அனுப்பும் கொடுமை நடந்துகொண்டிருந்தது. 1965ஆம் ஆண்டின் சட்டம் அந்தக் கண்ணிகளை அறுத்தது. 2008இல் பராக் ஒபாமா ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது கண்ணீர் விட்டழுத முதியோரில், அந்தச் சட்டத்துக்காகத் தடியடி பட்டோரும் இருந்தனர். அந்தக் கண்ணீரின் பொருளை விளங்கிக்கொள்ள, முதன்மந்திரி நாற்காலியில் காமராஜரைக் கண்ட தேரிக்காட்டுக் கிழவர்களுக்குப் பாஷ்யம் தேவைப்பட்டிருக்காது.

இனி நம் கரைக்கே திரும்புவோம். பரதவ சமூகத்தின் கௌரவம் 1952க்குப் பின் எந்த அளவில் உயர்ந்தது? நடுநிலையோடு சொல்வதானால், வாக்கின் எண்ணிக்கையால் அன்று. தூத்துக்குடி முதல் மணப்பாடு வரை நூல்போல் நீண்டு கிடக்கும் கரையோர ஊர்கள், தொகுதி எல்லைகள் வகுக்கப்பட்டபோது பலவாகப் பிரிந்து, உள்நாட்டு ஊர்களோடு இணைக்கப்பட்டன. எங்கும் அவர்கள் சிறுபான்மையோரே. அலை அரித்த வீட்டுக்கு நிவாரணம், தூண்டில் வளைவு, மீன் ஏலத்தில் நியாய விலை என்ற கோரிக்கைகளுக்கு அபேட்சகர்கள் தேர்தல்தோறும் வந்து செவிசாய்த்தனர். தேர்தல் முடிந்தபின் அந்தச் செவி எவ்வளவு தூரம் திறந்திருந்தது என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். ஆயினும், பங்களாவுக்குச் சென்று திண்ணைக்குக் கீழே நின்று விண்ணப்பம் நீட்டிய காலம் போய், விண்ணப்பம் பெறுபவரே மணலில் கால்புதைய ஊருக்குள் நடந்துவரும் காலம் வந்ததே, அது அற்பமான மாற்றமன்று. 1928க்குப் பின் நின்றுபோயிருந்த முத்துக்குளிப்பும் 1955இல் மீண்டும் தொடங்கி, 1961 வரை நடந்தது. சிப்பியைப் பங்கிடும் சர்க்கார் இப்போது அந்தக் குளியாளிகளின் வாக்கையும் பெற்ற சர்க்கார்.

எல்லாவற்றிலும் எனக்கு மிகுந்த மனநிறைவு தருவது, 1956 நவம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னர் நடந்த அடுத்த பொதுத்தேர்தலின் ஒரு விளைவு. 1957இல் குளச்சல் தொகுதியிலிருந்து சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட லூர்தம்மாள் சைமன், கடலோர மணக்குடியில் மீனவ சமூகத்தில் பிறந்தவர். நம் முத்துக்குளித்துறை அந்தக் குமரிமுனையில்தான் முடிகிறது. எல்லைக்கு அப்பாலுள்ள ஊர்களும் அதே காற்றையும் அதே மீனையும் நம்பிப் பிழைப்பவை. காமராஜர் அவரைத் தம் மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டு, ஸ்தல ஸ்தாபன இலாகாவை ஒப்படைத்தார். பஞ்சாயத்துகளும் நகரசபைகளும், அதாவது சாலையும் குடிநீரும் தெருவிளக்கும், எந்த ஊருக்கு எப்போது கிடைக்கவேண்டுமென்று தீர்மானிக்கும் கோப்புகள், கடற்கரையில் பிறந்த ஒரு பெண்மணியின் கையெழுத்துக்காகக் கோட்டையில் காத்திருந்தன.